புத்தகங்கள் தூங்கிய வருஷம்

வெள்ளாங்கரையில் புத்தகங்கள் தூங்கிப்போன வருஷத்தைப் பற்றி இன்றைக்குப் போய் யாரிடம் கேட்டாலும், அந்த வருஷம் ஐப்பசி மழை எப்படிப் பெய்தது, ஆற்றுப்பாலத்தின் மேல் தண்ணீர் எத்தனை நாள் ஏறி ஓடியது, மாமரங்கள் எப்படிப் பூக்காமல் ஏமாற்றின என்றெல்லாம் வாய் ஓயாமல் சொல்வார்கள். புத்தகங்களைப் பற்றிக் கேட்டால் மட்டும், "ஆமா, கொஞ்ச நாள் தூங்கிச்சி, பொறவு முழிச்சிக்கிட்டு" என்று பக்கத்து வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்து போனதைச் சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்துவிடுவார்கள். செண்பகவடிவு மட்டும் அப்படிச் சொல்வதில்லை. அவளிடம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அவள்தான் அந்த ஊர்க் கிளை நூலகத்தின் நூலகர். மற்ற ஊர்களில் சரஸ்வதி பூஜைக்கு அவரவர் வீட்டில் நாலு புத்தகத்தை அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலையோடு முடித்துக்கொள்வார்கள். வெள்ளாங்கரைக்காரர்களுக்கு அது போதாது. ஊரில் உள்ள அத்தனை புத்தகமும், பாடநூலும் பஞ்சாங்கமும் ரேஷன் அட்டையும் தையல்காரர் அளவு குறித்து வைத்த நோட்டும்கூட, மேளம் கொட்டி ஊர்வலமாக நூலகக் கூடத்துக்கு வந்து, சிவப்புப் பட்டின் மேல் ஆள் உயரத்துக்கு அடுக்கப்படும். அன்று முழுக்க யாரும் ஓர் எழுத்தைக்கூட வாசிக்கக் கூடாது. பஸ் டிக்கெட்டைக்கூடக் குப்புற மடித்துத்தான் பையில் போட வேண்டும். மறுநாள் விஜயதசமி காலையில் அவரவர் புத்தகத்தை எடுத்து ஒரு வரியாவது வாசித்துவிட்டுத்தான் காப்பி. காலில் காகிதம் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது எல்லா ஊரிலும் உண்டு. இவர்கள் எதிரே ஒரு காகிதம் பறந்து போனாலே ஒற்றிக்கொள்வார்கள். அதில் அவர்களுக்கு ஒரு கர்வமும் உண்டு, பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் காட்டுப்பயல்கள் என்று.

அந்த விஜயதசமி காலையில் செண்பகவடிவு கூடத்தைத் திறந்து உள்ளே போனபோது, அடுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது. மேலே சார்த்தியிருந்த செவ்வந்தி மாலையும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கியது. கை வைத்துப் பார்த்தாள். கோழிக்குஞ்சின் வயிறு மாதிரிக் கதகதப்பாக இருந்தது. அவள் பயப்படவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பால் குடித்த பிள்ளை தூங்குவதைப் பார்த்தவள் மாதிரி வாசலுக்கு வந்து, அங்கே புத்தகம் எடுக்கக் காத்து நின்ற கூட்டத்தைப் பார்த்து உதட்டில் விரலை வைத்து, "மெதுவா வாங்க, தூங்குது" என்று முதலில் சொன்னவளே அவள்தான். பிற்பாடு அந்த ஒரு பேச்சை நினைத்து அவள் தன் வாயில் தானே எத்தனையோ தடவை அடித்துக்கொண்டாள்.

கூட்டம் உள்ளே வந்து பார்த்தது. யாரும் மயங்கி விழவில்லை. மின்விசிறியைப் போடலாமா வேண்டாமா என்பதில்தான் முதல் சண்டையே வந்தது. நூலகக் கமிட்டித் தலைவர் குத்தாலிங்கம் அண்ணாச்சி, அரிசி ஆலைக்காரர், பிறந்ததிலிருந்து எந்தப் புத்தகத்திலும் இருபதாம் பக்கத்தைத் தாண்டாதவர், அடுக்கின் முன்னால் சாஷ்டாங்கமாக விழுந்து எழுந்தார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது.

"யாரும் எழுப்பாதீய. வருஷம் பூரா நாம அவள வாசிச்சி வாசிச்சி அலுக்கடிச்சிட்டோம்லா. ஆத்தா அசந்து தூங்குதா. அவளா முழிக்கட்டும். அது வரைக்கும் பூஜைதான்."

அவர் சொன்னது எல்லாருக்கும் நியாயமாகத்தான் பட்டது. பூஜை முடியாதவரை வாசிக்கக் கூடாது என்பது பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆகவே பள்ளிக்கூடம் மூடப்பட்டது, ஆலையின் சங்கு நிறுத்தப்பட்டது, நூலகத் தெருமுனையிலேயே எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். பிறகு யாரோ, தூங்குகிறவளுக்கு எல்லா எழுத்தும் பிள்ளைகள்தானே, தாய் தூங்கும்போது பிள்ளையைக் கிள்ளலாமா என்று கேட்டார்கள். அன்றைக்கே கடைப் பலகைகள் மேல் வேட்டி போர்த்தப்பட்டது, மைல்கல்லுக்குச் சாந்து பூசப்பட்டது, மருந்துக்கடையில் மாத்திரைகளை நிறம் பார்த்துக் கொடுத்தார்கள். மாவட்டத் தலைநகரத்திலிருந்து, என்ன நடக்கிறது என்று விசாரித்து மூன்று கடிதங்கள் வந்ததாகச் சொல்கிறார்கள். விசாரித்துத்தான் வந்தன என்பது யாருக்குத் தெரியும், மூன்றையும் பிரிக்காமலே பட்டு சுற்றி அடுக்கின் மேல் வைத்துவிட்டார்கள். அவையும் ஒரு வாரத்தில் மூச்சு விட ஆரம்பித்தன.

பக்திக்குப் பட்டம் வேண்டாமா? அதுவும் வந்தது. காகிதத்தைக் கண்டால் கண்ணில் ஒற்றுகிறவர்களுக்குக் கண்ணொற்றி என்று பெயர், அது ஊரில் எல்லாருக்கும் கிடைத்ததால் சீக்கிரமே மதிப்பிழந்தது. தெருவில் கிடக்கும் துண்டுக் காகிதத்தை எல்லாம் பொறுக்கித் தலையில் வைத்துச் சுமந்து வருகிறவர்கள் தாள்தாங்கிகள். அடுக்கைச் சுற்றி ஆறு ஆறு பேராக உட்கார்ந்து அதன் மூச்சை எண்ணுகிறவர்கள் மூச்செண்ணிகள். சாயங்காலம் அவர்கள் தொகையைச் சொல்லும்போது நேற்றைவிட இன்றைக்கு நூறு குறைந்தாலும் ஊரில் அன்றைக்கு உலை ஏறாது. கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு நடந்தவர்கள் இமைமூடிகள். மறந்துபோய் ஓர் எழுத்தை வாசித்துவிட்டவனுக்கும் ஒரு பெயர் இருந்தது. எழுப்பி. அந்தச் சொல்லைச் சொல்லும்போது பெண்கள் குழந்தைகளின் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

செண்பகவடிவின் புருஷன் கோமதிநாயகம் வடை மடித்துக் கொடுத்த தாளை வாசித்து முடித்த பிறகுதான் வடையைத் தின்கிற மனுஷன். நூலகத்துக்குத் தினமும் வந்து வந்துதான் அவளைக் கட்டிக்கொண்டான். வாசிப்பை அவன் விட்டது குடியை விட்டவன் மாதிரி இருந்தது. முதல் பத்து நாள் சோறு இறங்கவில்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துவிடுவோமோ என்று தலையைக் குனிந்தே நடந்தான். பிறகு மூச்செண்ணியாகப் போய் உட்கார்ந்தான். அதன் பிறகு அவன் முகத்தில் ஒரு அமைதி வந்தது. அந்த அமைதியைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. சாப்பிடும்போதுகூட அவன் உதடு எண்ணிக்கொண்டிருந்தது.

"ஏங்க, ஒரு தடவ எழுப்பிப் பாத்தாத்தான் என்ன?" என்று ஒருநாள் கேட்டாள்.

அவன் கோபப்படவில்லை. "வடிவு, இத்தன நாளு நாம அத வாசிச்சோம். அதுக்கு உசுரு இருக்குன்னு ஒருநாளாவது நெனச்சோமா? அந்தப் பாவத்த எங்க கொண்டு போய்க் களுவ?" என்று கேட்டான். கேட்கும்போது அவன் கண் கலங்கியது.

தை மாதம் ஒரு காரியம் நடந்தது. கடைத்தெருவில் காற்றடித்துச் சோடாக்கடைப் பலகையின் வேட்டி நழுவ, அம்மா இடுப்பில் இருந்த ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று, புதிதாகப் படித்த உற்சாகத்தில், "க-ல-ர் சோ-டா" என்று தெரு முழுக்கக் கேட்க வாசித்துவிட்டது. அதே நேரம் நூலகத்தில் அடுக்கின் மூச்சு ஒரு தடவை தவறியது என்று ஆறு மூச்செண்ணிகளும் சத்தியம் செய்தார்கள். அன்றைக்குத்தான் ஊர் ஒன்றைப் புரிந்துகொண்டது: வாசிக்கத் தெரிந்த கண் சும்மா இருக்காது. எழுத்து எதிரில் வந்தால், நீ வேண்டாம் என்றாலும் அது வாசித்துவிடும். பெரியவர்கள் துணி கட்டிக்கொள்ளலாம், பிள்ளைகள் அவிழ்த்துவிடுவார்கள். அப்படியானால் என்ன செய்வது?

கண்ணை அவிக்கும் எருக்கம்பால் என்று முதலில் சொன்னது யார் என்பது யாருக்கும் தெரியாது. வயதான இமைமூடிகள் நாலு பேர் தாங்களாகவே முன்வந்து கண்ணில் விட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு நூலாழ்ந்தார் என்று பட்டம் கட்டி, மாலை போட்டு, நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதைவிடப் பெரிய பட்டம் ஊரில் இல்லை. பங்குனி உத்திரத்தன்று பிள்ளைகளின் முறை என்று மாசி பிறந்ததும் கமிட்டி முடிவு செய்தது. எழுத்துத் தெரியாத பிள்ளைகளை ஒன்றும் செய்ய மாட்டார்கள், தெரிந்த பிள்ளைகளுக்கு மட்டும். "நோகாம செய்யணும்" என்று குத்தாலிங்கம் அண்ணாச்சி கண்டிப்பாகச் சொன்னார்.

செண்பகவடிவின் மகள் பரமகல்யாணிக்கு ஏழு வயது. நாலு வயதிலேயே எழுத்துக் கூட்டியவள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்றால், அப்படி ஓடிய டீச்சர் ஒருத்தியை ஊரார் ஜங்ஷனிலிருந்து திருப்பி அழைத்து வந்த விதத்தைச் செண்பகவடிவு பார்த்திருந்தாள். யாரும் அடிக்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. இருநூறு பேர் டீச்சர் வீட்டு வாசலில் நின்று ஒன்றும் பேசாமல் மூன்று நாள் அழுதார்கள். நாலாம் நாள் டீச்சரே கதவைத் திறந்துகொண்டு வந்து எருக்கம்பால் கேட்டாள்.

சோதனை எப்படி இருக்கும் என்பதைக் கோமதிநாயகமே வீட்டில் சொன்னான், ஏனென்றால் சோதிக்கப் போகிறவனே அவன்தான். நூலகச் சுவரில் இருந்த "சத்தம் போடாதீர்கள்" என்ற தகரப் பலகையைப் பட்டில் சுற்றி வைத்திருக்கிறார்கள். பிள்ளையின் முன்னால் பட்டை விலக்குவார்கள். சோதிக்கிறவன் பலகைக்குப் பின்னால் நிற்பான், அவன் கண்ணில் எழுத்துப் படாது, பிள்ளையின் கண் மட்டும் தெரியும். கண் இடமிருந்து வலமாக நடந்தால் தெரிந்த பிள்ளை. நடக்காவிட்டால் தெரியாத பிள்ளை.

"கல்யாணிக்கு?" என்று கேட்டாள்.

"எல்லாப் பிள்ளையும் ஒண்ணுதான வடிவு" என்று சொன்ன அவன், சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கையைக் கழுவினான்.

அவன் மூச்செண்ணப் போன பிறகு மத்தியானங்களில் அவள் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தரையில் அரிசி மாவால் ஒரு வரி எழுதினாள். காலடிச் சத்தம் கேட்டால் கையால் துடைத்துவிடலாம். "பாயசம் வேணுமா" என்று எழுதினாள். கல்யாணி பார்த்ததும் கண் நடந்தது, உடனே சிரித்துவிட்டாள். செண்பகவடிவு அவள் தொடையில் கிள்ளினாள். வாசித்ததற்காக ஒரு பிள்ளையை, அதுவும் நூலகக்காரி பெற்ற பிள்ளையை, தன் கையாலேயே கிள்ளிவிட்டோமே என்று நினைத்து, கிள்ளிய இடத்தைத் தடவிக் கொடுத்தாள். ஆனாலும் கிள்ளினாள். மறுநாளும் கிள்ளினாள்.

"வரியப் பாக்காதட்டி. வரிக்குப் பின்னால இருக்க தரையப் பாரு. தரையில வெடிப்பு இருக்குல்லா, அத மட்டும் பாரு."

"அது தானா வாசிக்கும்மா. நான் வாசிக்கல."

"தானா வாசிச்சாலும் நீ கேக்காத. ஒன் மூஞ்சிக்கு ஒண்ணும் தெரியக் கூடாது. யாரு கேட்டாலும் எனக்கு எழுத்துத் தெரியாதுன்னு சொல்லணும். டீச்சர் கேட்டாலும், அப்பா கேட்டாலும்."

"நீ கேட்டா?"

செண்பகவடிவு சாத்திய கதவைப் பார்த்தாள். கதவுக்கு வெளியே யார் நின்று கேட்பார்கள் என்று யாருக்குத் தெரியும். "நான் கேட்டாலும்தான் தாயி" என்றாள்.

நாற்பது நாள் அப்படிப் போனது. சிரிப்பு வருகிற வரிகள் எழுதினாள், அழுகை வருகிற வரிகள் எழுதினாள், "ஒங்கப்பா செத்துப்போயிட்டாரு" என்றுகூட ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். பிள்ளையின் கண் நடப்பது குறைந்தது. உதட்டுத் துடிப்பு நின்றது. கடைசி வாரத்தில் அவள் எதை எழுதினாலும் கல்யாணி குளத்துத் தண்ணீரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். செண்பகவடிவு அவளைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். தன் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று அன்றைக்கு நம்பினாள்.

பங்குனி உத்திரத்தன்று கூடத்தில் தொண்ணூறு பிள்ளைகள் புதுத்துணியோடு வரிசையில் நின்றார்கள். அடுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பேப்பர் படிக்கும் அறையில் எருக்கம் இலையும் பஞ்சும் விளக்கெண்ணெயும் வைத்துக்கொண்டு ஊர்ப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தூங்குகிறவள் விழிக்கக் கூடாது என்பதால் மெல்லிய குரலில் தாலாட்டுப் பாடினார்கள், பாடிக்கொண்டே அழுதார்கள். கண் நடந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். கண்ணில் வெள்ளைத்துணிக் கட்டோடும் கையில் அதிரசத்தோடும் வெளியே வந்தார்கள். ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. பெற்ற தாய்மார்களே வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணியின் முறை வந்தது. பட்டு விலகியது. பலகைக்குப் பின்னால் கோமதிநாயகம். அவளை மடியில் வைத்து, விரலைப் பிடித்து, பரப்பிய அரிசியில் முதல் எழுத்தை எழுத வைத்த அதே மனுஷன். கல்யாணி பலகையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். மற்றப் பிள்ளைகளைப் பார்த்ததைவிட இரண்டு மடங்கு நேரம் அவன் அந்தக் கண்ணைப் பார்த்தான்.

"கண்ணு நடக்கல. இந்தப் பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது" என்றான்.

"ஏ நாயகம், நீதானப்பா மூணு வருசத்துக்கு முன்ன இந்தக் கூடத்துலயே அவள எழுத வச்ச?" என்றார் குத்தாலிங்கம் அண்ணாச்சி.

"எழுத வச்சேன் அண்ணாச்சி. ஏறல. மரமண்ட."

ஒருநாளும் பிள்ளையை ஒரு சொல் சொல்லாதவன். கல்யாணியின் முகம் அதற்கும் மாறவில்லை. கூடம் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டது. செண்பகவடிவு ஓடிப்போய்ப் பிள்ளையை வாரிக்கொண்டாள். தொண்ணூறாவது பிள்ளையும் முடிந்தது. கோமதிநாயகம் பலகையை மெதுவாகக் கீழே வைத்து, பட்டைச் சுற்றி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, தோள்துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குள் போனான். தண்ணீர் குடிக்கப் போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். திரும்பி வரும்போது, கண்ணில் வெள்ளைத்துணிக் கட்டோடு இருந்த அவனை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

"அது முன்னால நின்னு பொய் சொல்லிட்டேம்லா வடிவு" என்று அவள் காதில் மட்டும் சொன்னான். "சும்மா வர முடியுமா?"

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சாரல் காற்று சன்னலை அடித்துத் திறந்தபோது, புத்தகங்கள் விழித்துக்கொண்டன. கோழிகள் இறகை உதறுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அட்டைகள் திறந்தன, தாள்கள் புரண்டன, மூச்சு நின்றது. ஏன் தூங்கின, ஏன் விழித்தன என்று யாரும் கேட்கவில்லை. ஊரே ஓடிப்போய் அவரவர் புத்தகத்தை எடுத்து ஒரு வரி வாசித்துவிட்டுக் காப்பி குடித்தது. பலகைகள் மேல் இருந்த வேட்டிகளைத் துவைத்துக் கட்டிக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் திறந்தது, கண் போன பிள்ளைகள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள், அவர்களுக்குக் கண் தெரிந்த டீச்சர் ஒருத்தி வாசித்துக் காட்டச் சொல்லி உத்தரவு. குத்தாலிங்கம் அண்ணாச்சி அவர்களுக்காகத் தன் செலவில் ஒரு பெரிய ரேடியோ வாங்கிக் கொடுத்தார், எல்லாரும் கைதட்டினார்கள். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, செய்தது இன்னார் என்று தெரிந்தால்தானே கேட்பதற்கு.

கோமதிநாயகம் நார்க்கட்டிலில் உட்கார்ந்து ஒன்றே ஒன்றைத்தான் கேட்டான். "கல்யாணி, பேப்பர எடுத்து ஒரு வரி வாசி தாயி. நீ வாசிக்கத நான் கேக்கணும்."

"எனக்கு எழுத்துத் தெரியாதுப்பா" என்றாள் பிள்ளை, இனிமையாக.

அடுத்த நாளும் கேட்டான், அடுத்த நாளும் அதே பதில். பள்ளிக்கூடத்தில் டீச்சரும் அதையேதான் சொன்னாள், பிள்ளைக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியவில்லை, எல்லாம் மறந்துபோச்சு என்று. செண்பகவடிவு கெஞ்சினாள். "இப்ப எல்லாரும் வாசிக்காவ பாரு, இனி பயமில்லட்டி, அம்மா சொல்லுதேம்லா" என்றாள். பிள்ளை அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. நிஜமாகவே மறந்துவிட்டதா, இல்லை தன்னிடமும் மறைக்கிறதா என்பது பெற்றவளுக்கே தெரியவில்லை. மறந்திருந்தால் தான்தான் அந்தக் கண்ணை அவித்தோம் என்று ஆகும். ஒரு மாதம் அந்த நினைப்பிலேயே அவள் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தாள்.

ஆவணியில் ஒரு மத்தியானம், கல்யாணி முற்றத்தில் கொல்லைப்பக்கம் முதுகைக் காட்டி முக்காலியில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தாள். செண்பகவடிவு ஒரு தாளில் பெரிய எழுத்தில் ஒரு பொய்யை எழுதி அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். உனக்குப் பின்னால் பாம்பு, ஓடி வா.

கல்யாணி தாளைப் பார்த்தாள். கண் நடக்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை, எழுந்திருக்கவில்லை, கையில் இருந்த நாரைக்கூட விடவில்லை.

"என்னம்மா போட்டிருக்கு?" என்று கேட்டாள். குரலில் ஒரு பிசிறு இல்லை.

"என்ன எழுதிக் காட்டுத வடிவு?" என்றான் கட்டிலில் இருந்து கோமதிநாயகம். "வாசிக்காளா?"

செண்பகவடிவு குனிந்து பார்த்தாள். பிள்ளையின் இரண்டு கையிலும், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும், ரோமம் குத்திட்டு நின்றது. அது தன் முதுகைப் பாம்புக்குக் காட்டிக்கொண்டு, அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது.